வேக வண்டி நிற்காத ஸ்டேஷன்

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. புது வீட்டில் பால் காய்ச்சியாயிற்று, பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள், இரண்டு சேதியும் மனசுக்கு இதம். எனக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. பொடி எழுத்தெல்லாம் மறுபடி தெரிகிறது. அந்தத் தெம்பில் நீ அனுப்பிய ரயில் டைம்டேபிளை வரி விடாமல் படித்தேன்.

ஃபாஸ்ட் வண்டி எதுவும் உன் ஸ்டேஷனில் நிற்பதில்லை என்று கொதித்துப்போயிருக்கிறாய். எல்லாம் நிற்க வேண்டும் என்று மனுவும் தயாராகிறதாமே? கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைக் கேள்.

ஒரு ஸ்டேஷனில் வேகம் குறைத்து, நின்று, ஆளை ஏற்றி, பழைய வேகத்தைப் பிடிக்க ஒன்றரை நிமிடம் கூடுதலாகும் என்று வைத்துக்கொள். 10 ஸ்டேஷனை விட்டுவிட்டுப் போகிற வண்டிக்கு 15 நிமிடம் மிச்சம். உங்கள் தடத்தில் திசைக்கு ஒரே பாதை. 5 நிமிடத்துக்கு ஒரு வண்டி விடலாம், எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ஸ்லோ வண்டி 7.00 மணிக்குக் கிளம்புகிறது என்றால், ஃபாஸ்ட் 7.20க்கு முன் கிளம்ப முடியாது. கிளம்பினால் வழியிலேயே முன்னால் போவதன் வாலைப் பிடித்துவிடும். அடுத்த ஸ்லோ 7.25க்குத்தான். நடுவில் 7.05, 7.10, 7.15 என்று மூன்று வண்டிக்கான இடம் போயே போச்சு. நீ 25 நிமிடம் பிளாட்பாரத்தில் நிற்பதற்குக் காரணம் அதுதான். ஃபாஸ்ட் உன்னைத் தாண்டிப் போவது கண்ணில் படுகிறது. அதற்காக ஓடாமல் போன வண்டிகள் யார் கண்ணிலும் படுவதில்லை.

அப்படியானால் ஃபாஸ்ட்டும் எல்லா இடத்திலும் நிற்கட்டுமே என்பாய். தொலைவிலிருந்து வருகிறவர்கள் சும்மா விடுவார்களா? மும்பையில் ஃபாஸ்ட்டுக்கும் ஸ்லோவுக்கும் தனித்தனிப் பாதை இருப்பதால் அங்கே இந்தச் சண்டைக்கு வேலை குறைவு. டோக்கியோவின் புறநகர்த் தடங்கள் சிலவற்றில் வேறு உபாயம்: இடையில் ஒரு பெரிய ஸ்டேஷனில் ஸ்லோ ஒதுங்கி நிற்கும், அதே பிளாட்பாரத்தின் மறுபக்கம் ஃபாஸ்ட் வந்து நிற்கும். அவசரக்காரர்கள் நாலு எட்டு வைத்து மாறிக்கொள்வார்கள். என்னைக் கேட்டால் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான். கூடவே ஸ்லோ வண்டிகள் சீரான இடைவெளியில் வர வேண்டும் என்றும் கேளுங்கள். 15 நிமிடத்துக்கு ஒன்று தவறாமல் வந்தால் டைம்டேபிளே தேவைப்படாது.

சீரான இடைவெளி என்பது சொகுசு இல்லை, சுந்தரம். ஒரு வண்டி கொஞ்சம் தாமதமானால் அதற்காகக் காத்திருக்கும் கூட்டம் பெருகும். கூட்டம் ஏறி இறங்க நேரமாகும். வண்டி இன்னும் பிந்தும். பின்னால் வருவதோ பாதி காலியாக அதை ஒட்டிக்கொண்டே ஊரும். நெரிசல் தடங்களில் ஓட்டத்தைவிட நிற்கிற நேரம்தான் பெரிய தலைவலி. பாரிஸின் ஆர்.இ.ஆர். ஏ என்கிற புறநகர் ரயில் தடத்தில் இரட்டை மாடிப் பெட்டிகளுக்குப் பக்கத்துக்கு மூன்று அகலக் கதவுகள் வைத்திருக்கிறார்கள், சீக்கிரம் ஏறி இறங்கட்டும் என்றுதான். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆசாமிகளுக்கு மட்டும் எந்த ஊரிலும் மருந்து கிடையாது!

அப்புறம், உன் முழங்கால் எப்படி இருக்கிறது? உங்கள் தடத்தில் இடையில் இருக்கிற பெரிய ஸ்டேஷனில் ஸ்லோ, ஃபாஸ்ட் இரண்டு வண்டியும் ஒரே பிளாட்பாரத்தின் இருபுறமும் வர வழி இருக்கிறதா, அல்லது படியேறி இறங்க வேண்டுமா என்று யாரையாவது பார்த்து வரச் சொல். இறங்கி ஏற வேண்டியிருந்தால் லிஃப்ட்டையும் மனுவில் சேர்க்க வேண்டும். பதில் வந்ததும் வாசகத்தை நானே எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராகவன்