சனிக்கிழமை இரவு அலறல் கேட்டால் பதற வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம். நம்ம தெருப் பிளஸ் ஒன் பிள்ளைகள் ஆறு பேர் சேர்ந்து ஸ்லாஷர் திகில் டிரெய்லர் ஒன்று எடுக்கிறார்கள். முகமூடிக்காரன் ஒவ்வொருவராகத் துரத்துவான், கடைசியில் ஒரு பெண் மட்டும் தப்பிப்பாள், அந்த வகைக் கதை. முழுப்படம் கிடையாது, இரண்டு நிமிடம்தான். திருநெல்வேலி என்றால் அரிவாள்தானா என்று கோபித்துக்கொண்டு, சமையலறைக் கத்தியைப் பிடித்திருக்கிறார்கள்!

வரும் சனி மாலை 6.30 முதல் 9.30 வரை, பூங்காவை ஒட்டிய சந்தில்.

1. அலறல் கேட்டு 100-க்குப் போன் போட வேண்டாம். காவல் நிலையத்தில் முன்பே சொல்லியாயிற்று.
2. கத்தி அட்டையில் செய்தது. ரத்தம் சர்க்கரைப் பாகு, சிவப்புக் கேசரிப் பவுடர், கொஞ்சம் கோகோ. கோகோ போடாமல் கலக்கிப் பார்த்தோம், ரோஸ்மில்க் மாதிரி இருந்தது. துணியில் பட்டால் கறை லேசில் போகாது, பழைய சட்டையே போதும்.
3. சந்தில் நிற்கும் பைக்குகளை 6 மணிக்குள் எடுத்துவிடுங்கள்.
4. வேடிக்கை பார்க்கலாம், டார்ச் அடிக்கக் கூடாது.
5. கைக்குழந்தை, இதய நோயாளி உள்ள வீடுகள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு அலறலை டப்பிங்கில் சேர்த்துக்கொள்வார்கள்.
6. ஞாயிறு காலை 6 மணிக்குக் குறுக்குத்துறைப் படித்துறையில் ஒரு காட்சி. யாரும் ஆற்றில் இறங்கக் கூடாது. அப்புறம், நீச்சல் தெரிந்த பெரியவர்கள் இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். யார் வருகிறீர்கள்?

நடிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் வெள்ளி இரவு 8 மணிக்குள் ‘சம்மதம்’ என்று இங்கே பதில் போடவும். கட்டைவிரல் படம் மட்டும் போட்டால் கணக்கில் வராது.