முப்பத்திரண்டாம் கேள்வியின் விடைக்குறிப்பு: தயாரித்த குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். தாள் திருத்திக்கொண்டிருக்கும் வரலாற்று ஆசிரியர்களில் நானும் ஒருவன். கேள்வி உங்களுக்கே தெரியும்: ஐரோப்பியப் பேரரசுகள் வணிகவாதக் கொள்கையை, அதாவது ஏற்றுமதியைக் கூட்டி இறக்குமதியைக் குறைத்து நாட்டுக்குள் தங்கம், வெள்ளி சேர்க்கும் கொள்கையை, ஏன் கைக்கொண்டன? ஐந்து மதிப்பெண். உங்கள் விடை: தங்கம், வெள்ளி மீதான பேராசை. அதையே மாற்றி மாற்றிச் சொல்லி ஐந்து பாயிண்ட் ஆக்கியிருக்கிறீர்கள்.

நேற்று ஒரு தாள் வந்தது. பேராசை என்ற சொல்லே இல்லாமல் ஒன்றரைப் பக்கம். படைவீரனுக்குக் கோதுமை அளந்து போட்டால் போதாது, வெள்ளிக் காசு எண்ணி வைக்க வேண்டும் என்று தொடங்குகிறது அந்தப் பிள்ளை. ஓயாத போர். ஸ்பெயினுக்குத் தென் அமெரிக்காவில் பொட்டோசி என்ற வெள்ளி மலை இருந்தது. பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் அப்படி ஒன்று இல்லை. வாங்குவதைவிட அதிகம் விற்றால்தான் அவர்கள் கைக்கு வெள்ளி வரும். அதனால்தான் 1651இல் டச்சுக் கப்பல்களை ஒதுக்க இங்கிலாந்து சட்டம் போட்டது. 1667இல் பிரெஞ்சு நிதியமைச்சர் கோல்பேர் தம் நாட்டின் இறக்குமதி வரியை ஏற்றினார். உள்ளூர்க்காரர்களின் நெருக்குதலையும் அந்தப் பிள்ளை விடவில்லை. 1719இல் லண்டன் தெருக்களில், சீட்டி என்கிற அச்சிட்ட பருத்தித் துணி உடுத்திய பெண்களின் ஆடையை, பிழைப்பு போகிறதே என்று உள்ளூர் நெசவாளர்கள் கிழித்தார்கள். 1721இல் அதை உடுத்தவே தடை வந்தது. நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் போன சீட்டி அது.

இதற்கு நான் போட்டது ஒன்று. அதுவும் ‘வெள்ளி’ என்ற சொல் இருந்ததற்காக.

குறிப்பைத் திருத்துங்கள். பேராசை இல்லாத அரசர் எந்த நூற்றாண்டில் இருந்தார்? அதுதான் காரணம் என்றால் எங்கள் தெரு அடகுக்கடைக்காரரும் வணிகவாதிதான். கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர் தாமஸ் மன், வெள்ளியை இந்தியாவுக்கு அனுப்பினால் அதைவிட அதிகமாகத் திரும்பி வரும் என்று வாதாடினார். பேராசைக்காரன் பெட்டியைப் பூட்டுவானா, கப்பலில் ஏற்றுவானா?

உங்கள் குறிப்புகளில் மறுமலர்ச்சிக்கும் ஐந்து காரணம், பிரெஞ்சுப் புரட்சிக்கும் ஐந்து காரணம். ஆறாவது காரணம் உலகத்தில் நடந்ததே இல்லை போலிருக்கிறது. யோசித்து எழுதுகிற பிள்ளைக்கு ஒன்று, கைடை ஒப்பித்த பிள்ளைக்கு ஐந்து என்று போட்டுவிட்டு, அடுத்த வாரம் எந்த முகத்தோடு வகுப்புக்குப் போவது?

சரி, பேச்சு எங்கோ போய்விட்டது. போர்ச்செலவு, வரி வருமானம், கப்பல் போட்டி, உள்ளூர்த் தொழிலின் நெருக்குதல் என்று எழுதியவர்களுக்கும் மதிப்பெண் உண்டு என ஒரு வரி சேர்த்துக் குறிப்பைத் திருத்தி அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தாள் கட்டு வெள்ளிக்கிழமை வரை என்னிடம்தான் இருக்கும்.

இப்படிக்கு,
தாள் திருத்தும் ஆசிரியர் ஒருவர்