காட்டுக்குள்ள இடம் வாங்கப் போறவங்க மொதல்ல வழியைப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காட்டுக்குள்ள இருக்குற சின்ன ஊர்ல இடம் வாங்கி அங்கயே போய் செட்டில் ஆகுறதைப் பத்தி போன இதழ்ல வந்த கட்டுரையை ரெண்டு தடவை படிச்சேன். நல்லா எழுதியிருந்தாங்க, குறை சொல்ல வரல. அந்த காலைப் பனி, பறவைச் சத்தம், ராத்திரி வானம் நெறைய நட்சத்திரம், எல்லாம் நிஜம்தான். நானும் இந்த மாதிரி ஒரு ஊருக்கு வந்து 9 வருஷம் ஆச்சு, திரும்பிப் போகணும்னு ஒரு நாள் கூடத் தோணல. ஆனா அவ்வளவு பெரிய கட்டுரைல வழியைப் பத்தி ஒரு வரி இல்ல. உள்ள வர்ற வழி, அதை விட முக்கியமா வெளிய போற வழி. அதைப் படிச்சிட்டு யாராவது இருக்குற சேமிப்பை எல்லாம் போட்டு இடம் வாங்கிடுவாங்களேன்னு மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

எங்க ஊர் மொத்தமே 30 வீடுதான். மெயின் ரோட்டுல இருந்து 11 கிலோமீட்டர் மண் தடம், நடுவுல ஒரு ஓடை குறுக்க போகுது. நாங்க இடம் பார்க்க வந்தது நல்ல கோடைல, ஓடைல பாதம் நனையுற அளவுக்குக் கூட தண்ணி இல்ல. நாலு மூலைக் கல்லையும் காட்டினாங்க, கிணறு காட்டினாங்க, பத்திரம், வில்லங்கம் எல்லாம் சரியா இருந்துச்சு. ஆனா எங்க எல்லைக் கல்லுல இருந்து பொதுத் தடம் வரைக்கும் இருக்குற அந்த ஒரு துண்டு மண்ணு யாரோடதுன்னு நாங்க கேக்கல, வித்தவரும் சொல்லல. அவருக்குத் தெரியும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஒண்ணரை வருஷம் கழிச்சு ஒரு நாள் காலைல அங்க முள்கம்பி போட்டிருந்துச்சு. அந்த நிலத்துக்காரர் மேல எனக்குக் கோவமே இல்ல, அது அவர் மண்ணு, அதுல கன்னு நடப் போறாரு. வழிப்பாதை உரிமையை எழுதி வாங்கி ரிஜிஸ்டர் பண்ணி முடிக்க ரெண்டு வருஷம் ஆச்சு, அதுவரைக்கும் சிமெண்ட் மூட்டைல இருந்து கேஸ் சிலிண்டர் வரைக்கும் தலைச்சுமையாத்தான் வந்துச்சு. வழி பத்திரத்துல எழுதியிருக்கணும், சர்வேயர் அளந்து வரைபடத்துல காட்டியிருக்கணும், "எப்பவும் இப்படித்தான் போறோம்"ங்கிற வாய்ப்பேச்சை நம்பி பணம் குடுக்காதீங்க.

இது பணத்தோட போச்சு. அடுத்து சொல்றது உயிர் விஷயம்.

மூணு வருஷம் முன்னாடி நல்ல மழைல ஒரு ராத்திரி, பக்கத்து வீட்டு அக்காவோட பையனுக்கு பாம்பு கடிச்சிருச்சு. கடிவாய்க்கு மேல கயிறு போட்டு இறுக்கிக் கட்டலாம்னு ஒருத்தர், பிளேடால கீறலாம்னு ஒருத்தர். ரெண்டும் கூடாதுன்னு நான் ஓரளவு படிச்சு வச்சிருந்தேன், அதனால காலை ஆட்டாம ரெண்டு பக்கமும் குச்சி வச்சு தளர்வா துணி சுத்தி, ஒரு பழைய கதவுப் பலகைல படுக்க வச்சு ஜீப்புல ஏத்தினோம். ஒரு கிலோமீட்டர் போயிருப்போம், தடத்துக்குக் குறுக்க பெரிய மரம் சாஞ்சு கிடக்கு. மெஷின் ரம்பம் இருந்துச்சு, ஆனா ஈர மரம், பாதில பிளேடு மாட்டிக்கிச்சு. டார்ச் வெளிச்சத்துல பையன் கண்ணு மெல்ல சொருக ஆரம்பிக்குது, இமை தூக்க முடியல அவனால. கடைசில நாலு பேர் பலகையோட அவனைத் தூக்கி மரத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் சிக்னல் கிடைக்குற வளைவு வரைக்கும் நடந்து, அங்க இருந்து போன் பண்ணி வேற வண்டி வந்துச்சு. விஷமுறிவு மருந்து போட்டு பிழைச்சுக்கிட்டான், இப்ப ஸ்கூல் போறான். உலக சுகாதார நிறுவனம் 2017ல பாம்புக்கடியை கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்கள் பட்டியல்ல சேர்த்துச்சு, வருஷத்துக்கு 81,000ல இருந்து 1,38,000 பேர் வரைக்கும் சாகுறாங்கன்னு அவங்க கணக்கு. இதுல நெறைய பேர் ஆஸ்பத்திரிக்கு தூரமா இருக்குற நம்மள மாதிரி கிராமத்து ஜனங்கதான். அந்த ராத்திரி எங்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல இருந்தது ஒரே ஒரு மரம்.

காட்டுத்தீயும் இதே கதைதான், இன்னும் பெருசா. 2018 நவம்பர் 8ஆம் தேதி கலிபோர்னியாவுல பாரடைஸ்னு ஒரு மலை ஊர் ஒரே நாள்ல எரிஞ்சு போச்சு, அந்தத் தீயில 85 பேர் செத்தாங்க. வெளிய போற ரோடு கொஞ்சம்தான், எல்லாரும் ஒரே நேரத்துல கிளம்பினதுல வண்டிங்க நகராம நின்னு, காருக்குள்ளயே மாட்டிக்கிட்டவங்களும் உண்டு. அதுக்கு முந்தின வருஷம் ஜூன்ல போர்ச்சுகல்ல பெட்ரோகாவ் கிராண்டி பக்கம் 66 பேர், அதுல பாதிக்கு மேல தப்பிச்சுப் போற ரோட்டுலயே. இதைப் படிச்ச பிறகு நான் எந்தக் காட்டு ஊருக்குப் போனாலும் மொதல்ல கேக்குறது, வெளிய போக எத்தனை வழின்னு.

வீட்டைக் காப்பாத்துறது ஓரளவு நம்ம கைல இருக்கு. பெரிய தீ வந்து வீட்டை முழுங்குறதை விட, காத்துல பறந்து வர்ற கங்கு கூரை ஓரத்துல சேர்ந்த சருகுல விழுந்து பத்திக்கிறதுதான் அதிகம். அமெரிக்க வன ஆராய்ச்சியாளர் ஜாக் கோஹன் பல வருஷமா சொல்லிக்கிட்டு வந்தது, வீடும் அதைச் சுத்தி 30 மீட்டருமா சேர்ந்துதான் வீடு எரியுமா நிக்குமான்னு முடிவு பண்ணுதுன்னு. நாங்க சுவரை ஒட்டி ஒண்ணரை மீட்டருக்கு செடி, விறகு எதுவும் வைக்கிறதில்ல, வெறும் சரளைக்கல்லுதான். கோடைல வாராவாரம் ஏணி போட்டு கூரைத் தண்ணி வழியுற தகரத்துல கையை விட்டு சருகை அள்ளணும், ஒரு வாரம் விட்டாலும் ஒரு கூடை தேறும்.

முதலீடுன்னு நினைச்சு வாங்குறவங்க ஒண்ணு யோசிங்க. இந்த மாதிரி இடத்தை அவசரத்துக்கு வித்து காசாக்க முடியாது, வருஷக்கணக்கா ஆள் வராது. இன்சூரன்ஸும் கிடைக்கும்னு நம்ப முடியாது, காட்டுத்தீ ஆபத்தையும் ஒரு காரணமாச் சொல்லி 2023 மே மாசம் ஸ்டேட் ஃபார்ம்ங்கிற இன்சூரன்ஸ் கம்பெனி கலிபோர்னியாவுல வீடுகளுக்குப் புதுசா பாலிசி எழுதுறதையே நிறுத்துச்சு. அப்புறம், வாங்கிப் பூட்டிட்டுப் போயிடுறவங்க இடத்துலதான் புதர் காய்ஞ்சு நிக்கும், தீ வந்தா அது வழியாத்தான் பக்கத்து வீட்டுக்கு வரும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஆள் விட்டு வெட்டுங்க, ஊர்ல இருக்குறவங்களுக்கு நீங்க செய்யுற பெரிய உதவி அதுதான்.

சுத்திப் பார்க்க வர்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. தாராளமா வாங்க. ஆனா தடத்து ஓரமா வண்டியை நிறுத்திட்டு அருவி பார்க்கப் போயிடாதீங்க. தடம் ஒரு வண்டி அகலம்தான். போன லீவுக்கு ரெண்டு கார் அப்படி நின்னதுல தண்ணி லாரி மூணு மணி நேரம் நின்னுச்சு. அன்னிக்கு லாரி, நாளைக்கு அந்தப் பையன் மாதிரி ஒருத்தன் படுத்திருக்குற வண்டியா இருக்கலாம்.

வாங்கணும்னு ஆசை இருந்தா ஒரு மழைக்காலம் வாடகைக்குத் தங்கிப் பாருங்க, அந்த மூணு மாசத்துலயே இடம் உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிடும். உங்க பத்திரிகைல அடுத்த தடவை இந்த மாதிரி ஊரைப் பத்தி எழுதினா, எத்தனை வழி இருக்கு, மழைக்குத் தாங்குமா, ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம், இந்த மூணையும் சேர்த்துப் போடுங்கன்னு கேட்டுக்கிறேன்.

எங்க ஊருக்கு ஓடையைத் தாண்டாமலே வெளிய போற ஒரு பழைய நடைபாதை இருந்துச்சாம், வயசான ஒருத்தர் ஞாபகத்துல இருந்து காட்டினாரு. அதுல இருக்குற நிலத்துக்காரங்க எல்லார்கிட்டயும் எழுத்துல சம்மதம் வாங்கிட்டோம். ஞாயித்துக்கிழமை தோறும் வீட்டுக்கு ஒரு ஆளா வெட்டிக்கிட்டு இருக்கோம், இன்னும் 2 கிலோமீட்டர் பாக்கி.

இப்படிக்கு,
காட்டோர ஊர் வாசகி ஒருத்தி