என் கைத் தேநீர்

உவர்மலை,
திருகோணமலை.
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வசந்தி,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் விட்டதற்குச் சாட்டு எதுவும் சொல்லப் போவதில்லை. இங்கு எல்லோரும் சுகம். அவருக்கு முழங்கால் நோ பழையபடிதான். மணியக்கா இன்னமும் மணியக்காவாகவே இருக்கிறார். மனையியலில் வகுப்பிலேயே முதலாவதாக வந்த நான் என் சொந்தச் சமையலறையில் தோற்றுப்போன கதையை உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது என்பதால்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். முதலில் சிரித்து முடித்துவிட்டுப் பிறகு வாசி.

மருமகளுக்கு இது ஆறாம் மாதம். மகன் கொழும்பில் வேலை பார்ப்பதால் அவள் என்னுடனேயே இருக்கிறாள். போன மாதம் கிளினிக்கில் இரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9.4 என்று வந்தது. கர்ப்பிணிக்கு அது 11 இலிருந்து குறையக் கூடாது என்பார்கள். நாள் தவறாமல் இரும்புக் குளிசை எடுக்கிறாள், வாரத்தில் மூன்று நாள் முருங்கையிலை வறை சாப்பிடுகிறாள், பிறகும் ஏன் இப்படி என்று எனக்குப் புரியவில்லை.

அன்றிரவு ஒரு மணிக்கு அவளுடைய அறையில் வெளிச்சம் தெரிந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், போர்வைக்குள் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தாள். தயங்கித் தயங்கித்தான் எனக்குக் காட்டினாள். பப்பாசிப் பழம் சாப்பிடலாமா, அன்னாசி கூடுமா, குங்குமப்பூ குடித்தால் பிள்ளை நிறமாகப் பிறக்குமா, கருவாடு கிரந்தியா என்று, நாம் தாயிடமும் பெரியம்மாவிடமும் கேட்டு ஏச்சு வாங்கிய அதே கேள்விகளை அவள் ஒரு சின்னக் கண்ணாடித் திரையிடம் கேட்டிருந்தாள். தமிழில் வந்த பதில்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுக் காணொளிகள். ஒன்று சாப்பிடச் சொன்னதை அடுத்தது தொடவே கூடாது என்றது. ஆங்கிலச் செயலி ஒன்று அந்த வாரத்துக்கு சல்மன் மீனும் புளூபெரியும் சாப்பிடும்படி அறிவுரை கூறியிருந்தது. நம் மரக்கறிச் சந்தையில் புளூபெரி கேட்டால் என்ன நடக்கும் என்று நீயே நினைத்துப் பார்.

இன்னொரு காணொளி, கடல்மீனில் பாதரசம் இருக்கிறது, பிள்ளையின் மூளையைப் பாதிக்கும் என்று சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு, ஒரு பக்கம் துறைமுகமும் மறுபக்கம் கடற்கரையுமாக இருக்கும் இந்த ஊரில் இருந்துகொண்டு, அவள் மூன்று வாரமாக மீனைக் கையால் தொடவில்லை. மீன் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்குச் சொல்லியிருந்தாள். நானும் நம்பி, திருக்கடலூரிலிருந்து வரும் மீன்காரரைப் படலையிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். சுறா போன்ற, மற்ற மீன்களைத் தின்று நீண்ட காலம் வாழும் பெரிய மீன்களில்தான் பாதரசம் கூடுதலாகச் சேரும், சூடையிலும் நெத்தலியிலும் மிகக் குறைவு என்பதை அந்தக் காணொளி சொல்லாமல் விட்டதா, அல்லது இவள் பாதியில் நிறுத்திவிட்டாளா தெரியாது.

என்னிடம் ஏன் கேட்கவில்லை என்றேன். “நீங்கள் ஏசுவீர்கள் மாமி, இது ஏசாது” என்றாள். வசந்தி, அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. முதல் மாதமே பழுத்த பப்பாசியை அவளுடைய கையிலிருந்து பறித்து வைத்தவள் நான்தானே. காயிலுள்ள பால்தான் கூடாது, நன்றாகப் பழுத்தது பாதகமில்லை என்பதை இந்த வயதில்தான் அறிந்துகொண்டேன். சரி, கிளினிக்கிலாவது கேட்டிருக்கலாமே என்றால், பின்னால் முப்பது பேர் வாங்கில் காத்திருக்கும்போது “வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பதற்கு யார்தான் “ஓம்” என்று சொல்வார்கள்? நாமும் அன்று “இல்லை” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவர்கள்தானே.

வியாழக்கிழமை குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். என் மகளைவிட இளையவர். ஸ்கூட்டியை மாமரத்தடியில் நிறுத்திவிட்டு விறாந்தையில் உட்கார்ந்து, வேறு எதையும் விசாரிக்காமல் முதலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: குளிசையை எப்போது, எதனோடு விழுங்குகிறீர்கள்?

“காலையில், மாமி தரும் தேநீரோடு.”

ஆம், நான்தான். இரவில் குளிசை எடுத்தால் குமட்டுகிறது என்று அவள் சொன்னதால், காலை ஆறு மணிக்குச் சாயம் கூட்டி, பால் விட்டு, என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். மறந்துவிடுவாளே என்று கல்சியம் குளிசையையும் கூடவே வைத்தேன். தேயிலையின் தனின் இரும்பைப் பிடித்துவைத்து உடலில் சேரவிடாது, கல்சியமும் குறுக்கே நிற்கும், இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்கக் கூடாது என்று அந்தப் பிள்ளை பொறுமையாக விளங்கப்படுத்தியபோது எனக்கு நமக்கு மனையியல் படிப்பித்த தராசு ரீச்சரின் முகம்தான் கண்முன் வந்தது. தனினைப் பற்றி அன்று சோதனையில் ஒரு முழுப் பக்கம் எழுதி, உனக்கும் காட்டித் தந்தேனே! அது தாளில் இருந்தது. கோப்பையில் இருக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

இப்போது இரும்புக் குளிசை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெறும் தண்ணீரோடும் விற்றமின் ‘சி’ குளிசையோடும். கல்சியம் மதியத்தில். குமட்டலுக்கு அவர் சொன்ன வழி, விழுங்கியதும் படுத்துவிடக் கூடாது என்பதே. ஆகையால் நாங்கள் இருவரும் இரவில் முற்றத்தில் நடக்கிறோம், சில நாள் மதிலுக்கு வெளியே மான்கள் நின்று எங்களைப் பார்க்கும். தேநீர் காலையில் உண்டு, உணவிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி. மீன்காரரும் திரும்ப வருகிறார்.

அன்று போகும்போது குடும்பநல உத்தியோகத்தர், கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷாவை மருமகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து நான் உருட்டி வைக்கும் திரிபோஷா உருண்டைகளில் பாதிக்கு மேல் என் வீட்டுக்காரர் இரவில் தின்றுவிடுகிறார் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. முழங்கால் நோவுக்கு நல்லதாம்! எந்தக் காணொளியில் பார்த்தாரோ. போத்தலை இப்போது அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை மருமகளிடம் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த கிளினிக் 12 ஆம் திகதி. இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுகிறேன். அதுவரை தனின் கதையை உன் தம்பிக்குச் சொல்லிவிடாதே. பனங்காய்ப் பணியாரத்தையே அவன் இன்னும் மறக்கவில்லை.

அன்புடன்,
உன் கமலா