டிரம்மர் கட்டுரைக்கு சாக்ஸபோன் படம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ஜாஸ் டிரம்மர் ஜோ மொரெல்லோவைப் பற்றி அரைப் பக்கம் வந்திருந்தது. தமிழில் இவரைப் பற்றி யார் எழுதப் போகிறார்கள் என்று ஆசையாக உட்கார்ந்தேன். 'வயலின் சரிப்பட்டு வராததால் டிரம்ஸுக்கு வந்தார்' என்ற வரியிலேயே காபி கசந்துவிட்டது.

9 வயதில் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவுடன் மெண்டல்சனின் வயலின் கான்செர்ட்டோ வாசித்த பிள்ளைக்கா வயலின் சரிப்பட்டு வரவில்லை? 15 வயதில் வயலின் மேதை ஹைஃபெட்ஸைக் கேட்டுவிட்டு, அந்த நாதம் நமக்கு வராது என்று தானே விலகியவர் அவர். பிறவியிலேயே பார்வை மங்கல். 1976-ல் முழுதாகவே போயிற்று. அப்புறமும் வாசித்தார், பாடம் சொல்லிக்கொடுத்தார்.

உங்களுக்குத் தெரியாததல்ல. பியானோக்காரர் டேவ் புருபெக் தன் ஜாஸ் குழுவுக்குக் கூப்பிட்டபோது, உங்கள் குழுவில் வெளிச்சமெல்லாம் உங்கள் மேலும் சாக்ஸபோன்காரர் பால் டெஸ்மண்ட் மேலும்தான் விழுகிறது என்று முகத்துக்கு நேரே சொன்னவர். தனியாக வாசிக்கவும் இடம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் சேர்ந்தார். கைதட்டல் இவருக்குப் போனதும் டெஸ்மண்டுக்குக் கோபம், 'அவரா நானா' என்று. புருபெக் டிரம்மரை விடவில்லை. அதே டெஸ்மண்ட் பெயரில்தான் 1959-ல் 'டேக் ஃபைவ்' என்ற பாட்டு வந்தது, மொரெல்லோவின் ஐந்தடித் தாளத்துக்காக. நம் கண்டசாபு தாளம் இரண்டும் மூன்றும். அது மூன்றும் இரண்டும். பியானோ ஒன்றையே திருப்பித் திருப்பிப் பிடித்திருக்க, மொரெல்லோ எவ்வளவு இடத்தை அடிக்காமல் விடுகிறார் என்று கேளுங்கள். பாட்டின் ராயல்டி, டெஸ்மண்டின் உயிலின்படி, செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போகிறது. நல்ல காரியம்தான். டிரம்மருக்கு? கைதட்டல்.

உங்கள் மார்கழி விமர்சனங்களும் இதே கதைதான். ராகத்துக்கு இரண்டு பத்தி, மிருதங்கத்துக்குக் கடைசி வரியில் 'பக்கபலம்'. தனி ஆவர்த்தனம் தொடங்கினால் பாதி சபா கேன்டீனுக்கு எழுந்துபோகும். உங்கள் விமர்சகரும் அந்த வரிசையில்தான் நிற்கிறாரோ என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

நானும் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன்தான். மிதிக்க மிதிக்க பேஸ் டிரம் முன்னால் நகரும் என்பதால் ஒரு செங்கல்லை அண்டக்கொடுப்போம். ஒரு கல்யாணத்தில், வீடியோவில் அசிங்கமாகத் தெரிகிறது, எடுங்கள் என்றார் பெண்ணின் மாமா. எடுத்தோம். இரண்டாவது பாட்டிலேயே டிரம் பாடகியை நோக்கிக் கிளம்பிவிட்டது. இடது காலை ஹைஹாட் என்ற ஜோடித் தாளத்தட்டின் மிதியிலிருந்து எடுத்து, டிரம்மின் காலில் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டே கச்சேரியை முடித்தேன். நோட்டீஸில் பாடகர்களுக்குப் பெயரும் படமும், எங்களுக்கு 'மற்றும் குழுவினர்'. அந்த வீடியோவில் தெரிந்தது என் முழங்கை மட்டும். இப்போது அதுவும் தேவையில்லை, கீபோர்டுக்காரரே தாளத்தையும் பெட்டியிலிருந்து போட்டுவிடுகிறார்.

சரி, என் கதை கிடக்கட்டும். டிரம்மர் கட்டுரைக்கு நீங்கள் போட்ட படம், சாக்ஸபோனும் கையுமாக நிற்கும் டெஸ்மண்ட்! இருவரும் கண்ணாடி போட்டவர்கள் என்பதுதான் ஒரே பொருத்தம்.

அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே மொரெல்லோ டிரம்ஸுக்குப் பின்னால் இருக்கிற படம் ஒன்று, ஸ்டாம்ப் அளவில் இருந்தாலும் போதும். இடமில்லை என்றால் ராசிபலனைக் கொஞ்சம் நெருக்கிக்கொள்ளலாமே.

இப்படிக்கு,
'மற்றும் குழுவினரில்' ஒருவன்,
பெரம்பூர், சென்னை