யாரும் வாங்காத பொருள் பில்லில் ஏறுகிறது: புதிய வசதி குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஆறு வருடமாக உங்கள் பில்லிங் மென்பொருளைத்தான் எங்கள் கடையில் பயன்படுத்துகிறோம். போன வாரம் அப்டேட் வந்ததிலிருந்து, யாரும் வாங்காத பொருள்கள் பில்லில் ஏறுகின்றன. இதை முதலில் கண்டுபிடித்தது நாங்கள்கூட இல்லை. வீட்டுக்குப் போய் பில்லைப் பார்த்த ஒருவர் திரும்பி வந்து சண்டை போட்டார்.

காரணத்தை நாங்களே உட்கார்ந்து தேடினோம். சில பொருள்களை ஸ்கேன் செய்ததும் "இதையும் வாங்கலாமே" என்று ஒரு சின்னப் பெட்டி திறக்கிறது. பார்கோடு ஸ்கேனர் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஒரு கீபோர்டு மாதிரிதான். எண்களை அடித்துவிட்டு, கடைசியில் என்டர் தட்டும். வரிசை நீளும்போது எங்கள் பையன்கள் திரையைப் பார்ப்பதில்லை, கை பாட்டுக்கு ஓடும். அடுத்த பொருளின் என்டர் நேராகப் போய் அந்தப் பெட்டியின் "சேர்" பட்டனில் விழுகிறது. கேட்காத பொருள் ஏறிவிடுகிறது, கையில் இருந்த பொருள் விட்டுப்போகிறது. வாங்குபவருக்கும் நஷ்டம், எங்களுக்கும் நஷ்டம்.

உதவி எண்ணில் சொன்னால், "அது கோளாறு இல்லை சார், புது வசதி" என்றார்கள். சரி, அதைக் கேட்டது யார்? மேசையில் மௌஸ் வைத்துச் சோதித்தபோது நன்றாகத்தான் இருந்திருக்கும். எங்கள் கவுண்டரில் பத்து நிமிடம் நின்றிருந்தால், முதல் பில்லிலேயே தெரிந்திருக்கும்.

நாங்கள் இரண்டு வருடமாகக் கேட்பது வேறு. ஒரு பொருளை மட்டும் திருப்பிக் கொடுத்தால், முழு பில்லையும் ரத்து செய்யாமல் அந்த ஒரு வரியைத் திருத்த வழி வேண்டும். அதற்கு இன்னும் பதில் இல்லை.

உங்கள் இணையதளத்தில் 'அஜைல் முறை' என்று பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். மென்பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து, பயன்படுத்துபவரிடம் கேட்டுக் கேட்டுத் திருத்தும் முறை அது. 2001-இல் வந்த அஜைல் அறிக்கை சொல்லும் நான்கு மதிப்புகளில் ஒன்று, வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்வது. இத்தனை வருடத்தில் உங்கள் எஞ்சினியர் ஒருவர்கூட எங்களிடம் பேசியதில்லை. (வசூல் பிரிவிலிருந்து மட்டும் தவறாமல் பேசுகிறார்கள்.)

இந்தப் பெட்டியை நிறுத்திவைக்க ஒரு வழியை உடனே கொடுங்கள். அடுத்த அப்டேட்டுக்கு முன் ஒரு எஞ்சினியரை அனுப்புங்கள், கூட்ட நேரமாகப் பார்த்து. தவறாகப் போன பில்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்