படம் எது என்பதைக் கடைசியில் கேட்கிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்கான ஆர்டர் எடுக்கத் தொடங்கிவிட்டோம். கடையில் தொங்கும், நான்கு வீல் வைத்த ஸ்கேட்போர்டு பலகைகளோடு, இந்த முறை உங்கள் அளவுக்குத் துளையிட்டு, ஓரம் இழைத்து, படம் வரைந்து தரும் பலகைகளும் உண்டு. அதற்கான படிவத்தைப் பார்த்துவிட்டுப் பலர் திகைக்கிறார்கள். எங்கே ஓட்டுவீர்கள், எடை எவ்வளவு, ஷூ எத்தனாம் நம்பர், இதற்கு முன் என்ன ஓட்டியிருக்கிறீர்கள் என்று நீளும் படிவத்தில், என்ன படம் வேண்டும் என்பது கடைசி வரியில்தான் வருகிறது. "அண்ணா, நல்ல படம் போட்டதா ஒண்ணு குடுங்க, போதும்" என்று கேட்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் அந்த வரிசை ஏன் என்று சொல்லவே இந்த மடல்.

முதல் கேள்வி தரை. இந்த ஊரில் பலகை வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஸ்கேட் பார்க்கில் ஓட்டப்போவதில்லை. அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடம், தட்டோடு பதித்த மொட்டைமாடி, காலை ஆறு மணிக்குக் கடற்கரையோரச் சாலை, இவைதான் நம் மைதானங்கள். பளிங்கு போல் வழவழப்பான சிமெண்ட் தரை கிடைத்தால் 52 மில்லிமீட்டர் விட்டமும் 99ஏ கடினமும் (எண் கூடக்கூட வீல் கடினம்) உள்ள சின்ன வீல் போதும், துள்ளல் வித்தை எல்லாம் அதில்தான் பழக முடியும். அதே வீலோடு ஜல்லி தெரியும் தார்ச்சாலையில் இறங்கினால் பல்லெல்லாம் அதிரும், ஒரு மிளகளவு கல் போதும் பலகை அங்கேயே நின்றுவிட, நீங்கள் மட்டும் முன்னே போவீர்கள். சாலைக்கு 65 முதல் 75 மில்லிமீட்டர் வரை, 78ஏ அல்லது 80ஏ அளவில் மென்மையான வீல் வேண்டும். கலிபோர்னியாவிலேயே 1970களின் தொடக்கம் வரை களிமண் கலவை வீல்களில்தான் ஓட்டினார்கள். பிராங்க் நாஸ்வொர்தி என்பவர் யூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகை வீலைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த விளையாட்டு சாலையில் நிம்மதியாக ஓடியது.

வீலைப் பற்றி ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பலகையை வீல்தான் முடிவு செய்கிறது. பெரிய வீலைச் சாதாரண ஸ்கேட்போர்டில் மாட்டினால், சாய்ந்து திரும்பும்போது வீல் பலகையின் அடிப்பாகத்தில் உரசிச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். அதை வீல்பைட் என்போம். ஓடும் வேகத்தில் அது நடந்தால் விழுவது உறுதி. அதனால் சாலையில் ஓட்டப்போகிறவருக்கு வீல் உரசாதபடி ஓரம் வெட்டிய பலகையோ, டிரக்குக்கும் (வீல்களைப் பலகையோடு இணைக்கும் உலோக அச்சு) பலகைக்கும் நடுவே வைக்கும் ரைசர் தட்டோ தேவை. படம் பிடித்துப்போய் ஒரு பலகையை எடுத்துவிட்டு, பிறகு அதற்குப் பொருந்தாத வீலைத் தேடி அலைவது வேண்டாம்.

அடுத்தது பலகையின் உள்ளே என்ன இருக்கிறது என்பது. நல்ல ஸ்கேட்போர்டின் டெக், அதாவது நாம் நிற்கும் பலகை, ஏழு மெல்லிய மேப்பிள் தாள்களை ஒட்டி அழுத்திச் செய்தது. கனடாவும் அமெரிக்காவும் பங்கிடும் பேரேரிகளைச் சுற்றிய குளிர்நாட்டில் மெதுவாக வளரும் சர்க்கரை மேப்பிள் மரம் அது. மெதுவாக வளர்வதால் வளையங்கள் நெருக்கமாக, மரம் இறுக்கமாக இருக்கும். ஏழு தாள்களில் ஐந்தின் இழை பலகையின் நீளவாக்கில் ஓடும். இரண்டு மட்டும், பெரும்பாலும் மூன்றாவதும் ஐந்தாவதும், குறுக்காக ஓடும். நீளவாக்கு இழைதான் நீங்கள் குதித்து இறங்கும் பாரத்தைத் தாங்குகிறது, குறுக்கு இழை பலகை பிளந்துபோகாமல் கட்டி வைக்கிறது.

"நம்ம ஊர் மெரைன் பிளைவுட் நல்லாத்தானே இருக்கு, அதுல செஞ்சு குடுங்களேன்" என்று தச்சு வேலை தெரிந்த அண்ணன்மார் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. மெரைன் பிளைவுட் தண்ணீருக்கு நன்றாகவே தாங்கும். ஆனால் அது ஒன்றுவிட்டு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியது. கதவுக்கும் அலமாரிக்கும் எல்லாப் பக்கமும் சமமான வலு வேண்டும், அதற்காக அப்படிச் செய்கிறார்கள். ஸ்கேட்போர்டுக்கு நீளவாக்கில்தான் வலு வேண்டும். அந்தக் கனத்தில் பாதி இழை தவறான திசையில் கிடக்கும். தட்டையாக, மெதுவாக ஓடும் ஒரு பலகையை அதில் செய்யலாம், தாராளமாகச் செய்து பாருங்கள், அளவு தாள் வேண்டுமானால் கடையில் தருகிறோம். படிக்கட்டிலிருந்து குதிக்கிற பலகையை மட்டும் அதில் செய்யாதீர்கள்.

அகலத்துக்கு வருகிறேன், இங்கேதான் அதிகம் பேர் இடறுகிறார்கள். பெரியவர்களுக்கான ஸ்கேட்போர்டுகள் ஏறத்தாழ 7.75 இன்ச்சிலிருந்து 8.5 இன்ச் வரை வரும். ஷூ எட்டாம் நம்பருக்கு மேல் என்றால் 8.25-இல் தொடங்கச் சொல்வேன். வளைந்த குழிகளிலும் சரிவுகளிலும் ஓட்ட அகலமான பலகை காலுக்குத் தைரியம் தரும், பலகையைக் காலடியில் சுழற்றும் வித்தைகளுக்குக் குறுகலானது இலகுவாகச் சுழலும். எதை எடுத்தாலும் டிரக்கின் அச்சு நுனிக்கு நுனி பலகையின் அகலத்தோடு கால் இன்ச்சுக்குள் ஒத்துப்போக வேண்டும். அச்சு துருத்திக்கொண்டிருந்தால் தள்ளும் காலில் வீல் இடிக்கும். உள்ளே ஒடுங்கியிருந்தால் பலகை கவிழப் பார்க்கும்.

பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. "வளர்ற பையன், பெருசாவே குடுங்க" என்று பள்ளிச் சீருடை எடுப்பதுபோல் பலகை எடுக்க வேண்டாம். எட்டு வயதுக் குழந்தைக்கு 8.25 பலகை கொடுத்தால் பாதத்தின் பாரம் ஓரத்தை எட்டாது, சாய்த்துத் திருப்பவே முடியாது, "எனக்கு வரலை" என்று ஒரே வாரத்தில் கட்டிலுக்கடியில் தள்ளிவிடும். 7 முதல் 7.5 இன்ச் வரை அகலமும் அதற்கேற்ற குட்டை நீளமும் உள்ள பலகைகள் குழந்தைகளுக்கென்றே இருக்கின்றன. விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் டிரக் பலகைகளை எதற்கும் வாங்காதீர்கள். அவை திரும்பாது, உருளாது, குழந்தைக்குத் தன் மேல்தான் குறை என்று தோன்றும். மாமல்லபுரத்து ஸ்கேட்போர்டு வீராங்கனை கமலி மூர்த்தி சிறுமியாக வெறுங்காலோடு சரிவில் இறங்கும் படம் உலகம் சுற்றியது பலருக்கு நினைவிருக்கும். அதைக் கைபேசியில் காட்டி மகளுக்குப் பலகை கேட்டு வரும் அம்மா அப்பாக்களைப் பார்க்க மனம் நிறைகிறது. உங்கள் பெண்ணுக்குத் தட்டையான அடியுள்ள ஷூவும், ஹெல்மெட்டும், மணிக்கட்டுக் காப்பும் சேர்த்தே எடுங்கள்.

நீளப் பலகையான லாங்போர்டின் கதை வேறு. அதில் அகலத்தைவிட வளைவுத்தன்மைதான் முக்கியம், அதனால்தான் எடையைக் கேட்கிறோம். யாரும் கூச்சப்பட வேண்டாம், சரியான எண்ணை எழுதுங்கள். மூங்கில் பட்டைகளை நிறுத்தி ஒட்டி மேலும் கீழும் பைபர்கிளாஸ் போர்த்திய பலகை, நடுவில் மேல்நோக்கி லேசாக வளைந்திருக்கும். நீங்கள் ஏறி நின்றதும் அந்த வளைவு தணிந்து ஏறக்குறைய மட்டமாக வேண்டும், திருப்பத்தில் அழுத்திவிட்டு எழும்போது உங்களைத் தூக்கிவிட வேண்டும். 55 கிலோ ஆளுக்குச் செய்ததில் 85 கிலோ ஆள் ஏறினால் தொட்டில்போல் தொங்கும், மறுபடி எழாது. 85 கிலோவுக்குச் செய்ததில் 55 கிலோ ஏறினால் வெறும் மரக்கட்டை. இரண்டு பேருமே லாங்போர்டு பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுவார்கள், அது அநியாயம்.

தினமும் ரயில் நிலையத்துக்கோ கல்லூரிக்கோ தள்ளிக்கொண்டு போகிறவருக்கு டிராப்-த்ரூ வகையைப் பரிந்துரைக்கிறேன். டிரக்கைப் பலகையில் வெட்டிய ஓட்டை வழியே மாட்டுவதால் நிற்கும் மட்டம் தாழ்ந்திருக்கும், தள்ளும்போது முழங்கால் அதிகம் மடங்காது, நெடுந்தூரத்தில் வித்தியாசம் தெரியும். டிரக்குக்கு மேலே நிற்கும் டாப்-மவுண்ட் வகை கூர்மையாகத் திரும்பும், ஆனால் உயரம் கூடுதல். கோவளம் பக்கம் அலைச்சறுக்கு ஆடுபவர்கள் அலை இல்லாத நாளில் பழக சர்ஃப்ஸ்கேட் கேட்கிறார்கள். அதன் முன் டிரக் தனியாகச் சுழலும், தரையில் காலை வைக்காமலே உடலைத் திருகி வேகம் எடுக்கலாம். இறக்கத்துக்கு அது ஆகவே ஆகாது.

இறக்கம் என்றதும் சொல்லிவிடுகிறேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கப் பலகை அமைத்துத் தரும்படி கேட்டு வருகிறார்கள். வேக இறக்கத்துக்கு வளையாத, விறைப்பான பலகையும் நிதானமாகத் திரும்பும் டிரக்கும் வேண்டும், அதைச் செய்யத் தெரியும். ஆனால் அது பேருந்தும் லாரியும் ஏறி வரும் சாலை. போக்குவரத்தை நிறுத்தி மூடிய சாலை, முழுமுக ஹெல்மெட், கையுறை, சறுக்கி நிற்கப் பழகிய கால் இவையெல்லாம் இல்லாதவருக்கு அந்தப் பலகையை இந்தக் கடை விற்காது. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இனி உங்கள் விருப்பத்துக்கு மாற்றித் தரும் வேலைகள். படம் தவிர மற்ற எதையும் யாரும் கேட்பதில்லை என்பதால் அவற்றை முதலில் சொல்கிறேன். முன் பின் டிரக்குகளின் உள்பக்கத் துளைகளுக்கு இடைப்பட்ட தூரம்தான் வீல்பேஸ். பெரியவர்களுக்கான ஸ்கேட்போர்டில் அது பெரும்பாலும் 14 முதல் 14.5 இன்ச்சுக்குள் இருக்கும். குட்டையானவர்களுக்குக் கால் இன்ச் குறைத்தால்கூட பலகை சட்டென்று எழும்பும். துளையில்லாத பலகையில் அளவுச் சட்டம் வைத்து உங்களுக்கு ஏற்ற இடத்தில் துளையிட்டுத் தருகிறோம், வெட்டுமுகத்தில் வார்னிஷ் தடவி ஈரம் புகாமல் அடைக்கிறோம். ஏற்கெனவே துளையுள்ள பலகையில் அதை ஒட்டி இன்னொரு துளை போடச் சொல்லாதீர்கள். பலகை முறிவது பெரும்பாலும் போல்ட் வரிசையில்தான். பழைய டிரக் வைத்திருப்பவர்கள் அதைக் கையோடு கொண்டுவாருங்கள், நீளவாக்கில் துளைக்குத் துளை உள்ள தூரத்தில் பழையது 2.5 இன்ச், புதியது 2.125 இன்ச் என்று இரண்டு வகை உண்டு.

கால் வழுக்காமல் இருக்கப் பலகையின் மேல் ஒட்டும் கிரிப் டேப்பும் உங்கள் விருப்பம்தான். வித்தைக்குச் சொரசொரப்பானது, ஊர் சுற்ற மென்மையானது. மூங்கிலின் ரேகை தெரிய வேண்டும் என்பவர்களுக்கு ஒளி ஊடுருவும் துகள் பூச்சு இருக்கிறது. வீட்டில் நீங்களே ஒட்டுவதானால் மழை நாளில் ஒட்டாதீர்கள், காற்றின் ஈரத்தில் பசை பிடிக்காமல் குமிழ் குமிழாக எழும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்தி, ஓரத்தை அரத்தால் தேய்த்து வெள்ளைக்கோடு விழுந்த பிறகு பிளேடால் அறுங்கள்.

கடைசியாகப் படம். வித்தைப் பலகையின் அடிப்பாகம் கம்பியிலும் திண்ணை விளிம்பிலும் உரசத்தான் போகிறது. அதில் பல நாள் உழைத்து ஓவியம் வரைந்துவிட்டு வருந்தாதீர்கள், மனதுக்குப் பிடித்த நிறமும் ஒரு பெயரும் போதும். தடித்த எனாமல் வேண்டாம், கம்பியில் வழுக்காமல் பிடிக்கும். லாங்போர்டின் அடிப்பாகம் பல ஆண்டுகள் அப்படியே இருக்கும், கோலமோ, குலதெய்வமோ, உங்கள் தெருவின் படமோ அங்கே வரையலாம். உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, அக்ரிலிக் பேனாவால் வரைந்து, மேலே மெல்லிய வார்னிஷ் இரண்டு பூச்சு. தமிழில் பெயர் கேட்பவர்கள் இப்போது நிறைய. ஸ்டென்சில் வெட்டும்போது ல, வ, ண போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் துண்டு தனியே விழுந்துவிடும், அங்கே சின்னப் பாலம் விட்டு வெட்ட வேண்டும். அந்தப் பாலத்தை எங்கே வைப்பது என்பதில்தான் எழுத்தின் அழகு இருக்கிறது. அதனால் பெயரைத் தட்டச்சு செய்து அனுப்புவதோடு, உங்கள் கையெழுத்திலும் ஒருமுறை எழுதித் தாருங்கள். சினிமா நடிகர் படமோ நிறுவனச் சின்னமோ அனுமதி இல்லாமல் வரைந்து தர மாட்டோம்.

கடற்கரை ஊரில் பலகையைப் பேணுவது பற்றிச் சுருக்கமாக. பலகையை வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள், சுவரில் மாதக்கணக்கில் சாய்த்து வைக்காதீர்கள், முறுக்கிக்கொள்ளும். ஐப்பசி மழையில் நனைந்த மேப்பிள் தாள் தாளாகப் பிரியும், அதை ஒட்டித் தர வழியில்லை. பேரிங்கை உப்புக்காற்று தின்னும், மணலில் ஓட்டியதும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், தேங்காய் எண்ணெய் கூடாது.

படிவம் கடையிலேயே கிடைக்கும். துளை, ஓரம், கிரிப் வேலைகளை அதே வாரத்தில் முடித்துவிடலாம். ஓவியமும் வார்னிஷும் நன்றாகக் காய வேண்டும் என்பதால் படம் வரையும் பலகைகளுக்கு மூன்று வாரம் கொடுங்கள், மே மாதம் கையில் வேண்டும் என்றால் ஏப்ரல் முதல் வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். வரும்போது நீங்கள் போட்டு ஓட்டப்போகும் ஷூவையே போட்டு வாருங்கள். பழைய பலகை இருந்தால், உடைந்ததாக இருந்தாலும், எடுத்து வாருங்கள். அது எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் அடுத்ததை எப்படிச் செய்ய வேண்டும் என்று பாதி தெரிந்துவிடும்.

அன்புடன்,
கடையிலிருந்து